வெயிலில் மின்னும் படிகங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்றொரு பனிச்சறுக்குத் தலம் இருக்கிறது. 2012 பிப்ரவரி 19 அன்று அதன் எல்லையைத் தாண்டி, டனல் கிரீக் சரிவில் இறங்க ஒரு பெரிய குழு புறப்பட்டது. பெரும்பாலோர் பழுத்த அனுபவசாலிகள். பலத்த புயல் புதுப்பனியைக் குவித்திருந்தது. மேல்மலையில் அபாயம் அதிகம் என்ற எச்சரிக்கையும் வெளியாகியிருந்தது. பனிப்பாளம் பிளந்து நால்வரை அடித்துச் சென்றது. மூவர் இறந்தார்கள். முதுகுப்பையிலிருந்த காற்றுப்பையை விரித்த எலிஸ் சௌக்ஸ்டாட் பிழைத்தார்.

புதுப்பனி மட்டும் இதற்குக் காரணமல்ல. அந்த மாதத் தொடக்கத்தில், வானம் தெளிந்த குளிரிரவுகளில், காற்றின் ஈரம் பனிப்பரப்பில் மெல்லிய படிகங்களாகப் படிந்திருந்தது. வெயில் பட்டால் மின்னும். பார்க்க அத்தனை அழகு. அடுத்த புயல் மூடிய பிறகுதான் ஆபத்து. நிறுத்திவைத்த அப்பளங்களின் மேல் கனத்த பலகையை ஏற்றியதுபோல மேல்பாளம் நிற்கும். ஒரு மனிதரின் எடை போதும், அடியில் எல்லாம் நொறுங்கிப் பாளம் முழுவதும் ஒரே வீச்சில் வழுக்கும். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை, சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான் கிளப்பிவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சாய்வுக் கோணம். பெரும்பாலான பாளங்கள் 30 முதல் 45 டிகிரிக்குள் உடைகின்றன. சமதரையில் நின்றாலும் தலைக்கு மேல் அத்தகைய சரிவு இருந்தால் பாதுகாப்பில்லை. காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ, வேறு சோதனை தேவையில்லை. திரும்பிவிட வேண்டும்.

டனல் கிரீக் பற்றி எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற ஜான் பிராஞ்ச், குழுவில் சிலருக்கு உள்ளூரத் தயக்கம் இருந்ததையும், அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததையும் பதிவுசெய்திருக்கிறார். நெஞ்சை உறுத்துவது இதுதான். திறமைசாலிகள் கூடும் இடத்தில் 'அவருக்குத் தெரியாததா' என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கிறார்கள். சிறு குழுவாகப் போவது, ஒருவர் 'வேண்டாம்' என்றால் அனைவரும் திரும்புவது, அபாயச் சரிவை ஒவ்வொருவராகக் கடப்பது ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

புதையுண்டவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி தாண்டினால் மூச்சுத்திணறல் பெரும்பாலோரைக் கொண்டுபோய்விடும். மீட்புப்படை அதற்குள் வந்து சேராது. புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியான பீக்கன், துழாவும் நீளக்கம்பி, பனி அள்ளும் ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டும்.

இந்த ஆபத்து இந்தியாவிலும் உண்டு. காஷ்மீரின் குல்மார்க்கில் 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் மலையில் போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அங்கே கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. பீக்கன்கள் இயங்குகின்றனவா என்று, சறுக்கத் தொடங்கும் முன், அந்த இடத்திலேயே ஒருவருக்கொருவர் சோதித்துக்கொள்ளலாம்.