வீட்டுத் தோட்டமும் பொறிவண்டும்

மலைநாட்டில் வீட்டை ஒட்டிச் சிறு காய்கறித் தோட்டம் வைப்பது பழைய வழக்கம். உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளிலும், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் ஓரங்களிலும் முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ், மேரக்காய் ஆகியவற்றைக் காணலாம். இங்கு விளைவது பெரும்பாலும் பறித்த அன்றே நம் குழந்தைகளின் உணவாகிறது. ஆதலின் செடிமேல் நாம் எதைத் தெளிக்கிறோமோ, அது உணவிலும் சேரக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் மறத்தலாகாது.

பூச்சியைக் கண்டவுடன் மருந்தை நாடுவது பலருடைய பழக்கம். ஆனால் செடியில் ஊர்வன யாவும் நமக்குப் பகையல்ல. பகை எது, நட்பு எது எனப் பிரித்தறிவதே இயற்கை முறையின் முதற்பாடமாகும்.

நீலகிரி கண்ட சான்று

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஒருவகைச் செதில்பூச்சி, வெண்பஞ்சு ஒட்டியது போன்ற தோற்றத்துடன் கிளைகளில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சுவது. இது கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. 1888ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியா சென்று, அப்பூச்சியைத் தின்னும் வெடாலியா என்ற சிறு பொறிவண்டைத் தேடி அனுப்பினார். இரண்டாண்டுக்குள் தோட்டங்கள் பிழைத்தன.

அதே செதில்பூச்சி பின்னர் நீலகிரியிலும் புகுந்து, சீகை மரங்களைத் தாக்கியது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே வெடாலியா வண்டு இங்கும் வருவிக்கப்பட்டு, பூச்சியை அடக்கிற்று.

இதன் மறுபுறமும் அறியத்தக்கது. 1940களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் டி.டி.டி. தெளித்த தோட்டங்களில் வெடாலியா வண்டுகள் மடிந்தன. அடங்கியிருந்த செதில்பூச்சி மீண்டும் பெருகிற்று. பகையைக் கொல்ல வந்த மருந்து காவலரைக் கொன்றது. நம் நாட்டில் டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது 1989இல் தடைசெய்யப்பட்டது.

காவலரை அறிதல்

பொறிவண்டைப் பலரும் அறிவர். அதன் இளம்புழுவை அறிவோர் சிலரே. கறுத்து நீண்ட உடலில் மஞ்சட் புள்ளிகளுடன் சிறு முதலை போல் தோன்றும் அப்புழுவைத் தீயதென எண்ணி நசுக்குவோர் உண்டு. அதுவோ அசுவினிகளைத் தின்று நமக்கு உதவுவது.

முட்டைக்கோஸை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கும் எதிரி உண்டு. டயடெக்மா என்னும் சிறு குளவி அதன் புழுவினுள் முட்டையிட்டு அதனை அழிக்கிறது. குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்பும் இக்குளவி நீலகிரியில் நிலைபெற்றுள்ளது. குளவிகள் பூந்தேனை உண்டு வாழ்வதால், கொத்தமல்லிச் செடிகள் சிலவற்றைப் பறிக்காமல் பூக்க விடுதல் நலம்.

செய்முறை

1. வாரம் இருமுறை இலைகளின் அடிப்புறத்தைப் பார்வையிடுக. முட்டைக் குவியலும் புழுவும் சிலவாயின் கையாலேயே அகற்றுக.

2. இரவில் நாற்று அறுபட்டிருந்தால், காலையில் அதன் அடிமண்ணைக் கிளறுக. வெட்டுப்புழு அங்கே சுருண்டு கிடக்கும்.

3. நத்தைகளுக்கு மாலையில் ஈரச்சாக்கைப் பாத்தியோரம் விரித்து, விடியலில் அதனடியில் ஒதுங்கியவற்றைத் திரட்டி அப்புறப்படுத்துக.

4. முட்டைக்கோஸ் நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே பாத்தியோரத்தில் கடுகு விதைக்க. அந்துப்பூச்சி கடுகை நாடிச் செல்லும்.

5. அசுவினி மிகுந்து, பொறிவண்டு காணப்படாவிடில் மட்டும், ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் காதி சோப்பைக் கரைத்துப் பூச்சி உள்ள இடத்தில் தெளிக்க. சலவைத்தூள் இலையைக் கருக்கும். முதலில் ஓர் இலையில் சோதித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க.

6. இவையாலும் அடங்காவிடில் வேப்பங்கொட்டைக் கரைசல் உதவும். வேம்பு உயர்மலையில் வளர்வதில்லை. கொட்டையைச் சமவெளியிலிருந்து தருவிக்க வேண்டும். 50 கிராம் பருப்புத்தூளை ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து, மழையில்லா மாலையில் தெளிக்க. அன்றன்று தயாரித்ததையே உபயோகிக்க வேண்டும்.

கூட்டு முயற்சியின் அவசியம்

வண்டுக்கு வேலி இல்லை. ஒருவர் பேணும் பொறிவண்டு அயலார் தோட்டத்தையும் காக்கும். ஒருவர் தெளிக்கும் நஞ்சு அயலாரின் காவலரையும் கொல்லும். ஆகவே ஒரு தெருவினரோ ஒரு குடியிருப்பினரோ சேர்ந்து கைக்கொண்டாலன்றி இம்முறை முழுப்பயன் தராது.

மேலும் குன்னூர் ஆறும், குந்தா ஆறும், மோயாறும் பவானியிற் கலப்பன. மலைச்சரிவில் சிந்தும் நஞ்சு மழைநீரோடு கீழிறங்கும். அந்நதிக் கரையிலே ஜமக்காளம் நெய்யும் நெசவாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. மேலே பயிரிடுவோர் காட்டும் கவனம் கீழே நெய்வோருக்குச் செய்யும் உதவியாகும். ஒருவருக்காக அனைவரும், அனைவருக்காக ஒருவரும் என்ற கூட்டுறவுக் கொள்கை தோட்டப் பாத்தியிலும் பொருந்துவதே.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

பொறிவண்டின் இளம்புழுவை எவ்வாறு அடையாளம் காண்பீர்? மருந்து தெளித்தபின் பூச்சி முன்னிலும் பெருகக் காரணம் யாது? உங்கள் தெருவில் எத்தனை வீட்டார் இம்முறையில் ஒன்றுசேரக் கூடும்?