வேஸ்ட் துணியில் எந்தக் கட்டம் தைக்கலாம்?

திருப்பூரை ஒட்டிய மங்கலத்தில் துண்டுத் துணிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட். இன்னொரு பக்கம் சோமனூர், பல்லடம் வரை பரவிக் கிடக்கும் விசைத்தறிகளின் காடா துணி. வீட்டில் ஒருவர் பவர் டேபிள் ஓட்டினாலோ கட்டிங்கில் நின்றாலோ, கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு துண்டுத் துணி சேர்ந்துவிடும். அந்தச் சாக்கை அவிழ்த்துப் பேட்ச்வொர்க் விரிப்பு தைக்க உட்காருகிறார்கள் டெய்லரிங் படிக்கும் பெண்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, எந்த மாடல் என்பது முடிவாகிவிடுகிறது. பாதி முடிவு செல்போனில் பார்த்த படம். மீதி வீட்டார் சொல். "தைக்கறதுதான் தைக்கற, அந்தப் பூ மாடலையே டபுள் காட்டுக்குத் தையி கண்ணு, வித்தாலும் நாலு காசு வரும்" என்று அம்மா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அரைகுறையாக நின்று அலமாரிக்குப் போன விரிப்புகளில் பலவும் இப்படித் தொடங்கியவையே.

முதலில் துணியைப் பார்க்க வேண்டும். சாக்கிலிருந்து ஒரு சிங்கிள் ஜெர்சி துண்டை எடுத்துக் குறுக்காக இழுத்தால் நன்றாக நீளும். நெடுக்காக இழுத்தால் அவ்வளவு நீளாது. விட்டவுடன் வெட்டிய ஓரம் வெற்றிலைச் சுருள் போலச் சுருண்டுகொள்ளும். பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். இன்டர்லாக் துணி சுருளாமல் படிந்து கிடக்கும். ரிப் எல்லாவற்றையும்விட அதிகமாக நீளும். அதைக் கட்டத்துக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடலாம். தறித் துணியோ கோணவாட்டில் இழுத்தால் தவிர அவ்வளவாக அசையாது. பனியன் துணியையும் தறித் துணியையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், துவைத்த பிறகு ஒன்று தொங்கும், மற்றொன்று சுருங்கும். இதற்கு மருந்து மங்கலத்திலேயே இருக்கிறது: நனைத்துக் காயவைத்த காடா துணியை அடியில் வைத்து அதன் மேல் தைப்பது.

சதுரக் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறரை அங்குலத்துக்கு வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டால் ஆறு அங்குலக் கட்டம் கிடைக்கும். புதிதாகத் தைப்பவர் யாரும் இதில் தோற்பதில்லை. ஒன்பது கட்டமும் அப்படித்தான். மூன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றை முதலில் நீளவாக்கில் இணைத்து, பிறகு குறுக்கே மூன்றரை அங்குலமாக வெட்டி, வரிசை மாற்றிச் சேர்த்தால் வேலை பாதியாகும். இரண்டுமே நல்லவை, உழைப்பவை. தறித் துணி கைவசம் நிறைய இருந்தால் இவற்றிலேயே தொடங்கலாம்.

மாணவிகள் விரும்பிக் கேட்பது இவற்றையல்ல, அறுகோணப் பூவை. நடுவில் ஒரு அறுகோணம், சுற்றிலும் ஆறு. பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்த கைவேலை இது. 1930களில் அமெரிக்க வீடுகளில் பெரிய மோகமாக இருந்தது. தாளை அறுகோணமாக வெட்டி, அதன் மேல் துணியை மடித்து ஓட்டுத் தையல் போட்டு, ஓரத்தோடு ஓரம் கையால் இணைத்து, கடைசியில் தாளை உருவுவார்கள்.

இதில் இறங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். பக்கம் ஒரு அங்குலமுள்ள அறுகோணத்தின் பரப்பு சுமார் 2.6 சதுர அங்குலம். 60க்கு 90 அங்குலமுள்ள சிங்கிள் காட் விரிப்பு 5,400 சதுர அங்குலம். ஆக, ஏறக்குறைய 2,080 அறுகோணங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம், ஒரு பக்கத்தை இரண்டு அறுகோணங்கள் பங்கிட்டுக்கொள்வதால் 6,000 இணைப்புகளை ஒட்டி வரும். எல்லாம் கைத்தையல். ஓர் இணைப்புக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 300 மணி நேரம். தாள் வெட்டுவதும் துணி மடிப்பதும் இந்தக் கணக்கில் வராது. அம்மா கேட்ட டபுள் காட்டுக்கு இன்னும் கூடும்.

துணிக் கணக்கு அதைவிட மோசம். சுற்றிலும் கால் அங்குலம் மடிப்புக்கு விட்டால், வெட்டிய துணியில் 100க்கு 40 பங்கு உள்ளே மறைந்துபோகும். ஆறு அங்குலச் சதுரத்தில் மறைவது 15 பங்குதான். கையகலத் துண்டை எடுத்து அதிலிருந்து சின்ன அறுகோணம் நறுக்கினால் சுற்றிலும் முக்கோணத் துணுக்குகள் விழும். வேஸ்ட்டைக் காப்பாற்ற உட்கார்ந்தவர் வேறொரு வேஸ்ட் சாக்கு கட்டுகிறார்.

பனியன் துணியென்றால் சொல்லவே வேண்டாம். குறுக்கே நீளும் துணியில் ஆறு பக்கமும் ஒரே அளவாக நிற்காது. தாள் உள்ளே இருக்கும்வரை வடிவம் நிற்கும், உருவியதும் தளர்ந்துவிடும். மூன்று அறுகோணங்கள் சந்திக்கும் முனைகளில் ஓட்டை விழும். சாதாரண ஊசி ஒரு வளையத்தை அறுத்துவிட்டால், அங்கிருந்து கோடாகப் பிரிந்து ஓடும். அச்சிட்ட தறிப் பருத்திக்காக உருவான வேலையைப் பனியன் துணியிடம் எதிர்பார்ப்பது அந்தத் துணிக்குச் செய்யும் அநியாயம். கைத்தையலில் உண்மையான ஆசை உள்ளவர், தறித் துணியில் ஏழு அறுகோணம் சேர்த்து ஐந்து அங்குலப் பூ ஒன்று செய்து தலையணை உறையில் பதிக்கட்டும். விரிப்புக்கு வேண்டாம்.

அளவே தேவையில்லை என்று நம்பிச் சிலர் கோணல்மாணல் கட்டத்துக்குப் போகிறார்கள். 1880களில் அமெரிக்காவில் பட்டுத் துணியையும் வெல்வெட்டையும் வைத்து எம்பிராய்டரியோடு செய்த ஆடம்பர வேலை அது. அடித்துணி இல்லாமல் நிற்காது. நிறம் தெரிந்தவர் கையில்தான் அழகாகும்.

மங்கலத்துச் சாக்குக்கு ஏற்றது பட்டைக் கட்டம். லே விரித்து வெட்டும்போது ஓரத்தில் கழிவது பெரும்பாலும் நீளப் பட்டைதான். இந்தக் கட்டத்துக்கு அகலம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். நீளம் எப்படி வந்தாலும் வரலாம். இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்றைக் காடா துணியின் நடுவில் வைக்க வேண்டும். சிவப்பு வைப்பது பழைய வழக்கம். ஒன்றரை அங்குலப் பட்டையை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு அதன் மேல் வைத்து, கால் அங்குலத்தில் நேராக ஒரு தையல். திருப்பி விரல் நகத்தால் அழுத்திவிட்டு, அடுத்த பக்கத்துக்கு அடுத்த பட்டை. இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். நான்கு சுற்றில் பத்து அங்குலக் கட்டம் நிறையும். 60க்கு 90 விரிப்புக்கு 54 கட்டம். கட்டத்துக்கு 16 தையல் வீதம் 864 தையல். கட்டங்களைச் சேர்க்கும் தையல் உட்பட அத்தனையும் மெஷினில் ஓடும் நேர்த்தையல். காடாவைப் பிடித்துக்கொண்டே தைப்பதால் ஜெர்சிகூட இழுபடாது. உருண்டை முனை ஊசி மட்டும் மாட்ட வேண்டும்.

இது ஏழைகளின் கைக்குச் சிக்கிய சுலப வேலை என்று யாராவது சொன்னால், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்தைக் காட்டலாம். உழைத்துத் தேய்ந்த உடுப்புகளிலிருந்து அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த விரிப்புகளில் பட்டைக் கட்டத்தின் வகைகள் ஏராளம். 1972இல் அவர்கள் வட்டாரக் கூட்டுறவுக்கு சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து கார்டுராய் தலையணை உறை ஆர்டர் வந்தது. மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் அவர்கள் விரிப்புகளுக்குள் போயின. கம்பெனி ஆர்டரில் மிஞ்சிய துணி, வீட்டுக் கட்டிலுக்கு விரிப்பு: மங்கலத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த விரிப்புகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன; 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் ஏறின.

மெஷின் இல்லாதவருக்குக் கர்நாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தின் சித்தி சமூகப் பெண்கள் வழி காட்டுகிறார்கள். கவந்தி என்ற அவர்கள் விரிப்பு ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவில் முடியும். துண்டை வைத்து மடித்து, அடித்துணியோடு சேர்த்தே ஓட்டுத் தையல் போடுவதால் இணைப்பதும் கோர்ப்பதும் ஒரே வேலையாகிவிடும். அளவுகோலே வேண்டாம். பழைய வேட்டியோ புடவையோ உள்ளே வைத்தால் நம் வெயிலுக்குப் போதுமானது.

கைக்குழி, கழுத்து வெட்டிய பிறைத் துண்டுகளைப் பட்டையாக்க முயல்வது வீண். தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குக் கட்டும் தொம்பைகளில் செய்வதைப் போல, வளைவு வளைவாகவே துணி மேல் பதித்துத் தைக்கலாம். விரலளவுத் துணுக்குகளுக்கு விரிப்பே தேவையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், மீனவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, துண்டுத் துணியில் 'சுனாமிகா' என்ற சின்னப் பொம்மைகளைச் செய்ய வைத்தது. அவை விலைக்கு அல்ல, அன்பளிப்பாகவே உலகெங்கும் போயின.

எந்த வழி ஆனாலும் துணியை முதலில் நனைக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு, நேவி நிறங்களை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அது விரிப்புக்கு ஆகாது.

கடைசியாகப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண்ணுக்கு நிறம் பார்க்கும் கண் இருக்கும், இன்னொருத்திக்குக் கோடு பிசகாத கை இருக்கும், மூன்றாமவளுக்கு மணிக்கணக்கில் உட்காரும் நிதானம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் தைத்த மாடல் உங்கள் பெண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விற்குமா என்ற கேள்வியை முதல் விரிப்பிடம் கேட்காதீர்கள். தப்பாக வந்த தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கும் பொறுமையை அவள் அதில் பழகட்டும். படிப்பிலும் வேலையிலும் அதே பொறுமைதான் அவளுக்கு உதவப்போகிறது.

மாணவிகள் இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாக்கைக் கொட்டிப் பட்டை, பிறை, துணுக்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். பத்து அங்குலத்தில் ஒரே ஒரு கட்டம் தையுங்கள். அதை இரண்டு முறை துவைத்துக் காயவைத்துப் பார்த்த பிறகு, டபுள் காட்டா சிங்கிள் காட்டா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.