டிகின்டர் மெனு: குறுக்குவிசையில்தான் சிக்கல்

பைத்தானின் டிகின்டரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் எழுதுகிறவர்கள் மெனு வரைக்கும் வந்துவிடுகிறார்கள். 'சேமி' என்ற வரிக்குப் பக்கத்தில் 'கன்ட்ரோல்+எஸ்' என்றும் தெரிகிறது. அழுத்தினால்தான் ஒன்றும் நடப்பதில்லை. வரிசையாகப் போவோம்.

1. முதல் மெனுவை உருவாக்கும் முன்பே, மெனுவைத் தனியே பிரித்தெடுக்கும் டியர்ஆஃப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெனுவின் தலையில் ஒரு கோடு வந்து உட்காரும். வரிசையில் பூஜ்ஜியம் என்ற எண்ணும் அதற்கே போய்விடும். பிறகு எண்ணைச் சொல்லி ஒரு வரியை முடக்கினால் வேறொன்று முடங்கும்.

2. மெனு பார் ஒன்று. அதில் ஆட்_கேஸ்கேட் மூலம் 'கோப்பு', 'திருத்து'. பாரை விண்டோவின் கான்ஃபிக்கில் கொடுங்கள்.

3. ஆட்_கமாண்டில் ஒவ்வொரு வரியாகச் சேருங்கள். கமாண்டுக்கு ஃபங்ஷனின் பெயர் மட்டும் போதும். அடைப்புக்குறியும் போட்டால் மெனு உருவாகும்போதே அது ஓடி முடிந்துவிடும். கிளிக் செய்யும்போது ஓட ஒன்றும் இருக்காது.

4. இப்போது குறுக்குவிசை. ஆக்சிலரேட்டர் என்று நீங்கள் கொடுப்பது வெறும் எழுத்து. டிகின்டர் அதை எழுதிக் காட்டும், அவ்வளவுதான். விசையை பைண்ட் செய்வது உங்கள் வேலை. அதில் மூன்று பொறிகள்:

முதலாவது, மெனு உங்கள் ஃபங்ஷனை வெறுங்கையோடு கூப்பிடும். பைண்ட் 'ஈவென்ட்' ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும். எனவே எல்லா ஃபங்ஷனுக்கும் 'ஈவென்ட்' என்ற அளவுருவை வையுங்கள், இயல்பு மதிப்பு 'நன்'. மெனுவுக்கு ஒன்று, விசைக்கு ஒன்று என்று இரண்டு ஃபங்ஷன் எழுதாதீர்கள். நாளைக்கு ஒன்றைத் திருத்தி இன்னொன்றை மறப்பீர்கள்.

இரண்டாவது, கேப்ஸ் லாக். சிறிய 'எஸ்'ஸை மட்டும் பைண்ட் செய்தால் கேப்ஸ் லாக் எரியும்போது வேலை செய்யாது. பெரிய எழுத்துக்கும் ஒரு பைண்ட் போடுங்கள்.

மூன்றாவதுதான் தலைவலி. டெக்ஸ்ட் பெட்டிக்கென்றே சில விசைகள் உண்டு. கன்ட்ரோல்+ஓ அங்கே புதிய வரி போடும். விண்டோவில் பைண்ட் செய்தால் டெக்ஸ்ட் பெட்டி முந்திக்கொள்ளும்: கோப்பு திறக்கும் பெட்டியும் வரும், ஆவணத்தில் ஒரு வெற்று வரியும் விழும். எனவே அந்த விசையை டெக்ஸ்ட் பெட்டியிலேயே பைண்ட் செய்து, ஃபங்ஷனின் முடிவில் 'பிரேக்' என்ற சொல்லை ரிட்டர்ன் செய்யுங்கள். மேற்கோள் குறி கட்டாயம். அது இல்லாவிட்டால் பைத்தான் பிழை காட்டும்.

5. 'ஒட்டு' போன்ற வரிகளை எப்போது முடக்குவது என்று நிரல் முழுக்கக் கணக்கு வைக்க வேண்டாம். போஸ்ட்கமாண்டில் ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். மெனு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சோதிக்கும்போது மவுஸைத் தொடாதீர்கள். கர்சர் டெக்ஸ்ட் பெட்டிக்குள் இருக்கட்டும், கேப்ஸ் லாக்கைப் போட்டும் எடுத்தும் எல்லா விசையையும் அழுத்திப் பாருங்கள்.