விழுப்புரம் முத்திரை

திண்டிவனம்

தம்பி,

'விபிஎன் போட்டுவிட்டால் போலீஸால்கூடக் கண்டுபிடிக்க முடியாதாமே, சார்?' என்று கேட்டிருந்தாய். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன் கேட்கும் கேள்வியா இது? ஐபி முகவரி பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேரே மொட்டைக் கடுதாசிக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்கள் உள்ளூர்ப் பெட்டியில் போட மாட்டார்கள். திண்டிவனம் முத்திரை விழுந்தால் ஆள் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி விழுப்புரத்தில் போய்ப் போடுவார்கள். விபிஎன் செய்வதும் அவ்வளவுதான், ஐபி முகவரி என்ற முத்திரையை மாற்றுகிறது. ஆனால் உனக்கு டிக்கெட் கிழித்த கண்டக்டர் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் விபிஎன் கம்பெனி! வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எல்லாவற்றையும் அவர் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை அது பிடிக்காமல் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இலவச விபிஎன்னா? காசு வாங்காமல் கண்டக்டர் எதற்காக ஏற்றிக்கொள்கிறார் என்று யோசி.

டார் என்ற மென்பொருள் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. நீ அனுப்புவது மூன்று கணினிகள் வழியாகப் போகும். முதலாவதற்கு நீ யாரென்று தெரியும். கடைசிக்கு நீ எங்கே போகிறாய் என்று தெரியும். இரண்டும் சேர்ந்து ஒன்றுக்கும் தெரியாது. அப்படியும், 2013 டிசம்பரில் பரீட்சையைத் தள்ளிப்போட டார் வழியே வெடிகுண்டு மிரட்டல் விட்ட ஹார்வர்ட் மாணவன் மாட்டிக்கொண்டான். கல்லூரி வைஃபையில் அந்நேரம் டாரைத் திறந்தது யார் என்று பார்த்தார்கள், விசாரித்ததும் ஒப்புக்கொண்டான். இதைச் சொல்லும் எஃப்பிஐயின் பிரமாணப் பத்திரம் சில பக்கம்தான். தமிழ்வாணனின் துப்பறியும் கதைகளுக்கு நான் ஏங்கிய வயதில் கிடைத்திருக்க வேண்டியது!

அவ்வளவு தூரம் எதற்கு? பல மாநிலங்களுக்கு மிரட்டல் மெயில் அனுப்பியதாக 2025 ஜூனில் சென்னைப் பொறியாளர் ஒருவரை அகமதாபாத் போலீஸ் கைது செய்தது. நிஜக் கணக்கையும் பொய்க் கணக்கையும் ஒரே கணினியில் திறந்ததுதான் துப்பு என்றார்கள். மென்பொருள் தோற்கவில்லை தம்பி, பழக்கம் காட்டிக்கொடுத்தது.

உடனே 'எல்லாவற்றையும் தடை செய்யலாமே' என்று கிளம்பாதே. அந்தப் பேச்சும் எனக்கு எரிச்சல்தான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று உனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் சாராயம் விற்கிறவனைப் பற்றித் தகவல் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? பெயர் வெளியே வராது என்றால் மட்டுமே வரும்.

முதலில் போனில் இருக்கும் அந்த இலவச விபிஎன்னை எடுத்துப் போடு. டார் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றமில்லை, நிறுவிப் பார். அதில் உன் சொந்த ஜிமெயிலை மட்டும் திறக்காதே.