கவனம் சிதறுகிறதா? வேலையில் நிலைக்க நான்கு பழக்கங்கள்

டெட்லைன் தவறுகிறது. மெயில் பதிலில்லாமல் கிடக்கிறது. மீட்டிங்கில் பாதிப் பேச்சு காதில் ஏறவே இல்லை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள இளைஞரைச் ‘சோம்பேறி’ என்று அலுவலகம் முத்திரை குத்த இவ்வளவு போதும். மருந்து கவனத்தைக் கூட்டும். ஒரு நாளைத் திட்டமிடக் கற்றுத்தராது. அதற்குத்தான் சி.பி.டி. எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை.

அமெரிக்காவில் ஸ்டீவன் சாஃப்ரென் குழு, மருந்து எடுத்தும் சிரமம் தீராத 86 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட, சி.பி.டி. பெற்றவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. அந்தச் சிகிச்சையின் முக்கியப் பழக்கங்கள் இவை:

1. ஒரே காலண்டர், ஒரே பட்டியல். துண்டுச்சீட்டு, வாட்ஸ்அப், ஞாபகம் என்று வேலைகளைச் சிதறவிடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் பட்டியலைப் பாருங்கள்.

2. உங்கள் கவன நேரத்தை அளந்துகொள்ளுங்கள். சலிப்பான வேலையில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறீர்கள்? 12 நிமிடம் என்றால், வேலையை 12 நிமிடத் துண்டுகளாக்குங்கள்.

3. குறுக்கே வருவதை எழுதி ஒத்திப்போடுங்கள். ‘கரண்ட் பில் கட்டணுமே’ என்று தோன்றினால் குறித்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். துண்டு முடிந்ததும் குறிப்பைப் பாருங்கள்.

4. எண்ணத்தைக் கேள்வி கேளுங்கள். ‘கடைசி நேரத்தில்தான் எனக்கு வேகம் வரும்’ என்கிறதா மனம்? போன முறை அப்படிச் செய்து என்ன ஆயிற்று?

நோட்டும் கடிகாரமும் எந்த நாட்டிலும் மலிவு. கற்றுத்தரும் ஆளுக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். பிரிட்டனில், மருந்து பலன் தந்தும் சிரமம் நீடிக்கும் பதின்வயதினருக்கு சி.பி.டி.யைப் பரிசீலிக்கலாம் என்கிறது, நைஸ் எனும் மருத்துவ வழிகாட்டு அமைப்பின் 2018 வழிகாட்டுதல். வேலையில் இருப்போர் ‘ஆக்சஸ் டு வொர்க்’ திட்டத்தில் அரசு நிதியும் கேட்கலாம். ஆனால், காத்திருப்போர் வரிசை நீளம். அமெரிக்காவில், குறைபாடு வேலையைக் கணிசமாகப் பாதித்தால், 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி நிறுவனத்திடம் நியாயமான வசதிகளைக் கேட்க முடியும்.

இந்தியாவில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் இல்லை. தனியார் சிகிச்சை என்றால் பெரும்பாலும் கைக்காசுதான். எனவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். முழுச் சிகிச்சையை அந்த எண்ணில் எதிர்பார்க்காதீர்கள். அடுத்து எங்கே போவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கேட்பதை மட்டும் வேலையை வைத்துக் கேளுங்கள்: “சார், சொன்னதை ரெண்டு வரி மெயிலாப் போட்டுட்டீங்கன்னா விட்டுப்போகாது. புதன்கிழமை ஒருதடவை பார்த்துச் சொன்னீங்கன்னா வெள்ளிக்கிழமை முடிச்சுடுவேன்.” இதற்குச் சட்டம் தேவையில்லை, செலவும் இல்லை.

நான்கையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பட்டியல் மட்டும். அது கைவந்த பிறகு கடிகாரத்தை எடுங்கள்.