ஆஃபர் லெட்டரில் வேறு கம்பெனி பெயரா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

பாஸ்டனிலோ பெர்லினிலோ இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப் உங்களை நாலு ரவுண்டு இன்டர்வியூ செய்தது. சிடிஓ நேரில் பேசினார். சம்பளமும் பேசி முடித்தாயிற்று. ஆனால் மெயிலில் வந்த ஆஃபர் லெட்டரில் நீங்கள் கேள்விப்படாத ஒரு இந்தியக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. சிலர் மோசடி என்று பதறி விலகிவிடுகிறார்கள். பலர் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டுமே தவறு.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட், சுருக்கமாக இஓஆர். அந்த ஸ்டார்ட்அப்புக்கு இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனம் கிடையாது. பிஎஃப் கட்டவும் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கவும் இங்கே சட்டப்படி ஒரு முதலாளி வேண்டும். சொந்தமாக பிரைவேட் லிமிடெட் தொடங்கினால் இந்தியாவில் வசிக்கும் டைரக்டர், குறைந்தது 2 பங்குதாரர்கள், ஆண்டுதோறும் ஆடிட், ஆர்ஓசி ஃபைலிங் என்று வேலை நீளும். இரண்டு இன்ஜினியர்களுக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். டீல், ரிமோட், ஜி-பி, மல்டிப்ளையர் போன்ற நிறுவனங்களின் பிழைப்பே இதில்தான். அவர்களுடைய இந்தியக் கம்பெனி உங்களைத் தன் பேரோலில் வைத்துக்கொள்கிறது. வேலை வாங்குவது ஸ்டார்ட்அப்.

ஆக, உங்களுக்கு இன்கிரிமென்ட் தரக்கூடியவர் ஒருவர். சட்டப்படி உங்களுக்குக் கடமைப்பட்டவர் இன்னொருவர். எதை யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்று தெரிந்தவர்தான் இந்த ஏற்பாட்டில் லாபம் பார்க்கிறார்.

1. முதலாளி நிஜமா என்று பாருங்கள். லெட்டரில் உள்ள சிஐஎன் எண்ணை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டுத் தேடுங்கள். இபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடும் வசதி இருக்கிறது, அதிலும் பாருங்கள். இந்தியாவில் சொந்தக் கம்பெனி இல்லாத இஓஆர்களும் உண்டு. அவை உள்ளூர் பார்ட்னர் ஒருவர் மூலம் ஆள் எடுக்கும். அப்போது உங்கள் முதலாளி அந்த மூன்றாவது ஆள். சம்பளம் தாமதமானால் யாரைப் பிடிப்பது என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். லேப்டாப் டெபாசிட், வெரிஃபிகேஷன் ஃபீஸ் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அந்த ஆஃபரை விட்டுவிடுங்கள்.

2. சம்பளப் பேரத்தை ஸ்டார்ட்அப்போடு முடியுங்கள், அதுவும் இஓஆர் ஒப்பந்தம் தயாராகும் முன்பே. ஒப்பந்தத்தை அனுப்பும் ஆன்போர்டிங் ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டித்தரும் அதிகாரம் இல்லை.

ஸ்டார்ட்அப் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசப் போங்கள். இஓஆர் கட்டணத்தை வெளிப்படையாகப் போட்டிருக்கும் நிறுவனங்களில் ஒருவருக்கு மாதம் 600 டாலர் அளவில் ஆகிறது. ஆண்டுக்கு 7,200 டாலர், நம் பணத்தில் 6 லட்சத்துக்கு மேல். போலந்திலோ பிலிப்பைன்ஸிலோ உங்களோடு போட்டி போடுகிறவருக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஸ்டார்ட்அப் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது.

சிடிசியைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். 36 லட்சம் சிடிசியில் பேசிக் பாதி என்றால் மாதம் 1.5 லட்சம். முழு பேசிக் மீதும் 12 சதவீதம் முதலாளி பிஎஃப் பிடித்தால் ஆண்டுக்கு 2.16 லட்சம். கிராஜுவிட்டிக்கென்று 4.81 சதவீதம் ஒதுக்கினால் இன்னும் சுமார் 87,000. சிடிசிக்கு உள்ளேயே இவை இருந்தால் கைக்கு வரும் சம்பளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் குறையும். பிஎஃப்-ஐ 15,000 ரூபாய் உச்சவரம்போடு நிறுத்தினால் முதலாளி பங்கு மாதம் 1,800 மட்டுமே. எது உங்களுக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். சேரும் நேரத்தில்தான் இதைச் சொல்ல முடியும்.

அடுத்தது கரன்சி. ஒப்பந்தம் ரூபாயில்தான் இருக்கும். டாலர் ஏறினால் லாபம் ஸ்டார்ட்அப்புக்கு. ஆண்டுக்கொரு முறை மாற்று விகிதத்தைப் பார்த்துச் சம்பளத்தைத் திருத்துவோம் என்று ஒரு வரி வாங்குங்கள். குரூப் இன்ஷூரன்ஸில் அப்பா அம்மா உண்டா என்பதையும் இதே பேச்சில் முடித்துவிடுங்கள்.

3. "கான்ட்ராக்டராக வாருங்களேன்" என்று கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். கான்ட்ராக்டருக்கு வரியில் ஆதாயம் உண்டு. தகுதியுள்ள தொழில்களில் ஆண்டு வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் திட்டம், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை செல்லும். உங்கள் வேலை அதில் அடங்குமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆனால் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், சம்பளத்தோடு கூடிய லீவ், பெண்களுக்கு 26 வாரப் பிரசவ விடுப்பு எதுவும் கிடையாது. வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் உங்கள் தலையில். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு வைத்திருப்பவரை வங்கி நடத்தும் விதமே வேறு. கான்ட்ராக்டராகப் போவதென்று முடிவு செய்தால், ஸ்டார்ட்அப்புக்கு மிச்சமாகும் இஓஆர் கட்டணத்தில் ஒரு பங்கைக் கூசாமல் கேளுங்கள்.

4. ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை மெதுவாகப் படியுங்கள்.

முதலாவது, வேலையை விட்டு எடுப்பது. அமெரிக்க மேனேஜருக்கு எந்த நிமிடமும் அனுப்பிவிடலாம் என்ற பழக்கம் இருக்கும். இங்கே அப்படி இல்லை. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 6 மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. நீங்கள் கோவையில் வீட்டிலிருந்து வேலை பார்க்க, இஓஆர் வேறு மாநிலத்தில் பதிவு செய்திருக்கலாம். எந்த மாநிலச் சட்டம் உங்களுக்குச் செல்லும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, ஐபி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி வேலையில் எழுதும் கோடு முதலாளிக்குச் சொந்தம். உங்கள் முதலாளி இஓஆர். அங்கிருந்து ஸ்டார்ட்அப்புக்குக் கைமாற்றக் காலமும் நாடும் குறிப்பிட்ட ஷரத்து தேவை. குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்டார்ட்அப் வக்கீல்கள் இந்தப் பகுதியில் வலையை அகலமாக விரிக்கிறார்கள். உங்கள் பழைய சைடு புராஜெக்ட்கள், ஓப்பன் சோர்ஸ் வேலைகள் அந்த வலையில் சிக்கக்கூடாது. அவற்றைப் பட்டியலாக எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நான்-கம்பீட். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஷரத்து 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி இங்கே செல்லாது. ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற ஷரத்து செல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல ஆஃபரை விட்டவர்கள் நிறைய.

5. ஈசாப், அதாவது ஊழியருக்குப் பங்கு தரும் திட்டம் பற்றிய பேச்சில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், பெரும்பாலும் யாரும் ஏமாற்றாமலேயே.

"சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஆப்ஷன்ஸ் தருகிறோம்" என்பார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். ஆனால் 2022-இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளில், ஈசாப் மூலம் வெளிநாட்டுப் பங்கு பெறலாம் என்ற அனுமதி யாருக்கு என்று பாருங்கள். அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் இந்திய அலுவலகம், கிளை, துணை நிறுவனம், அல்லது அது பங்கு வைத்திருக்கும் இந்திய நிறுவனம் ஆகியவற்றின் ஊழியருக்கு. இஓஆரில் அந்த ஸ்டார்ட்அப்புக்குப் பங்கே கிடையாது. ஆக, வார்த்தைப்படி பார்த்தால் நீங்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அதற்காக ஆப்ஷன்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபெமா தெரிந்த ஒரு சிஏவிடம் கிராண்ட் லெட்டரைக் காட்டிவிட்டு மதிப்புப் போடுங்கள். பங்கு தராமல், அதன் மதிப்பு உயர்வைப் பணமாகத் தரும் திட்டத்துக்கு மாற்றுவார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் சம்பளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பங்கு கைக்கு வந்துவிட்டால் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து ஷெட்யூலில் காட்டியே ஆக வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

6. அமெரிக்கா போகும் கனவு இருந்தால் முதல் நாளே கேளுங்கள். எல்-1 விசாவுக்குக் கடந்த 3 ஆண்டில் ஓராண்டாவது தொடர்ச்சியாக அதே குழுமத்தின் தாய் நிறுவனம், துணை நிறுவனம் அல்லது கிளையில் வெளிநாட்டில் வேலை செய்திருக்க வேண்டும். இஓஆர் அந்தக் குழுமத்தில் இல்லை. மூன்று வருடம் விசுவாசமாக உழைத்துவிட்டு "இப்போது ட்ரான்ஸ்ஃபர் தாருங்கள்" என்று கேட்டால், கை விரிப்பதைத் தவிர அவர்களுக்கும் வழியில்லை. ஸ்டார்ட்அப் இந்தியாவில் கம்பெனி தொடங்கி அதில் நீங்கள் சேரும் நாளில்தான் ஓராண்டுக் கணக்கு தொடங்குகிறது என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

7. மற்றவர் கண்ணில் படும்படி வேலை செய்யுங்கள். உங்கள் டீமில் பாதிப் பேருக்கு நீங்கள் ஒரு ஸ்லாக் பெயர் மட்டுமே. ஓவர்லாப் நேரம் 3 மணி என்றால் அந்த 3 மணியில் உடனுக்குடன் பதில் சொல்லுங்கள். நள்ளிரவு 1 மணிக்குப் போடும் மெசேஜால் யாரும் உங்களை மெச்சப்போவதில்லை. வாரக் கடைசியில் மேனேஜருக்கு ஐந்து வரி எழுதுங்கள்: முடிந்தது, நிற்பது, அடுத்தது. பாராட்டு கால்-இல் வந்தால், "இதை எழுதி அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள். இஓஆர் ஹெச்ஆர் உங்கள் வேலையைப் பார்த்ததே இல்லை. மேனேஜர் மாறினால் உங்கள் சரித்திரத்தைச் சொல்ல அந்த மெயில்களைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

லீவ், பேஸ்லிப், இன்ஷூரன்ஸ் கிளெய்ம், வங்கிக்கும் விசாவுக்கும் தேவைப்படும் கடிதம் எல்லாம் இஓஆரிடம். மாதம் ஒருமுறை பிஎஃப் பாஸ்புக்கைப் பாருங்கள். முந்தைய மாதப் பணம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும்.

8. ஸ்டார்ட்அப்பின் ஆள் பலத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இந்தியாவில் பத்துப் பதினைந்து பேர் ஆனதும், இஓஆர் கட்டணத்தைவிடச் சொந்தக் கம்பெனி மலிவு என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அப்போது உங்களை ராஜினாமா செய்யச் சொல்லி, புதிய கம்பெனியில் சேரச் சொல்வார்கள். வெறும் காகித வேலை என்பார்கள். அந்தக் காகிதத்தில் உங்கள் கிராஜுவிட்டி இருக்கிறது. நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு முடிந்தால்தான் அது உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 4 வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய சேர்ந்த தேதியைப் புதிய கம்பெனி ஏற்கிறது என்று கடிதம் வாங்கிய பிறகே ராஜினாமா மெயில் அனுப்புங்கள். உங்களுடையது குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றால், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. அதை நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

விலகும்போது ரிலீவிங் லெட்டர் இஓஆர் பெயரில் வரும். லிங்க்ட்இன்னில் ஸ்டார்ட்அப் பெயரை மட்டும் போட்டு வைத்தால், அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் பிஎஃப் யூஏஎன் ரெக்கார்டு வேறு பெயரைக் காட்டும். ரெஸ்யூமேயில் ஸ்டார்ட்அப் பெயரை எழுதி, இன்ன இஓஆர் வழியாக என்று பக்கத்திலேயே சேருங்கள். மேனேஜரிடம் ஸ்டார்ட்அப் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு அனுபவக் கடிதம் கேளுங்கள். பேஸ்லிப்கள், டிடிஎஸ் சான்றிதழ்கள், ஒப்பந்தம், இன்கிரிமென்ட் கடிதங்கள் அத்தனையையும் கடைசி வேலை நாளுக்கு முன்பே சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். போர்ட்டல் லாகின் எப்போது மூடப்படும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.