உலாவியில் தோன்றும் பொய்யறிவிப்பு

கருவிகள் யாவும் அவ்வப்போது செப்பனிடுதலை வேண்டுவன. ஏரின் கொழு தேய்ந்தால் கொல்லனிடம் செல்கின்றோம். வண்டியின் அச்சுக்கு மசகு இடுகின்றோம். கணினியை இயக்கும் மென்பொருளுக்குத் தேய்மானம் இல்லை எனினும், அதுவும் இவ்விதிக்கு விலக்கன்று. பல இலட்சம் வரிகளாக எழுதப்பெற்ற கட்டளைத் தொகுதியில் எங்கேனும் ஓர் ஓட்டை எஞ்சியே நிற்கும். அவ்வோட்டையைக் கண்டறிந்து, அதனை அடைக்கும் திருத்தத்தை நம் கணினிக்கு அனுப்புதலையே புதுப்பிப்பு என்கின்றோம். உலக வழக்கில் இஃது அப்டேட் எனப்படும்.

புதுப்பிப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. 2017 மே 12 அன்று வானாக்கிரை என்னும் தீநிரல் விண்டோஸ் கணினிகளுள் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, பணயப் பொருள் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அத்தீநிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றிருந்த கணினிகளுள் அது அவ்வழியே புக இயலவில்லை. ஆகவே, புதுப்பித்தல் கடமை என்று ஆசிரியரும் பெற்றோரும் சொல்லக் கேட்டிருக்கின்றீர்கள். வஞ்சகர் பற்றிக்கொள்வது இந்த நற்பழக்கத்தையே ஆகும். சோம்பேறியை இவ்வலையில் வீழ்த்துதல் அரிது. கடமை உணர்ந்தவனே எளிதில் அகப்படுவான்.

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று நிகழ்ந்ததைக் காண்போம். உருசியாவிலும் உக்ரைனிலும் மக்கள் நாள்தோறும் படிக்கும் செய்தித் தளங்கள் சிலவற்றில் வஞ்சகர் முன்னரே கள்ளத்தனமாகப் புகுந்திருந்தனர். அத்தளங்களைத் திறந்தோர் சிலரின் கண்முன் ஒரு சிறு சாளரம் தோன்றியது. 'உம்முடைய ஃபிளாஷ் பழையதாயிற்று. புதுப்பித்துக்கொள்க' என்பது அதன் கருத்து. ஃபிளாஷ் என்பது அந்நாளில் உலாவிகளில் அசையும் படங்களையும் காணொளிகளையும் இயக்கிய அடோபி நிறுவனத்தின் மென்பொருள். அடிக்கடி புதுப்பிக்க வேண்டியதாகவும் அஃது இருந்தது. ஆதலின் எவரும் ஐயுறவில்லை. கோப்பு இறங்கியது, அதனைத் திறந்தனர், கணினி 'அனுமதிக்கலாமா?' என்று வினவியபோது, 'ஆம்' என்றனர். பேட் ராபிட் என்னும் தீநிரல் உள்ளே புகுந்தது. கோப்புகளைப் பூட்டி, 0.05 பிட்காயின் தருக என்று கேட்டது; எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, அதே வலையமைப்பில் இருந்த பிற கணினிகளுக்கும் தாவியது. இன்டர்ஃபாக்ஸ் செய்தி நிறுவனமும், ஒடெசா வானூர்தி நிலையமும், கீவ் நகரச் சுரங்க இருப்பூர்தியின் கட்டண அமைப்பும் இடருற்றன.

இங்கு ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. முதற்கணினியுள் புகுவதற்கு அத்தீநிரல் எக்கதவையும் உடைக்கவில்லை. வீட்டுக்குரியவரே தாழ் திறந்து உள்ளே விட்டார். ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்றே முடித்துக்கொண்டது. எனவே, இன்று எவரேனும் அதனைப் புதுப்பிக்கச் சொன்னால், வேறு ஆராய்ச்சியே வேண்டா, பொய்யென்று தள்ளலாம். ஆனால் வஞ்சகர் அத்துடன் நின்றாரல்லர். இப்பொழுது உலாவியின் பெயராலேயே வருகின்றனர்.

உலாவி என்னும் சொல் அழகியது. தலைவன் வீதிவழியே பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கியத்திற்கு உலா என்று பெயர். நாமும் உலாவியின் துணைகொண்டு பல வீதிகளில் உலா வருகின்றோம். வீதியிற் காணும் ஒவ்வொரு தளமும் தன் சாளரத்தினுள் எதையும் வரைந்து காட்டவல்லது. உலாவியின் இலச்சினையையும், விண்டோஸின் நீலத் திரையையும் அப்படியே எழுதிக் காட்டும். நாம் பயன்படுத்துவது குரோமா, ஃபயர்ஃபாக்ஸா என்பதும் அதற்குத் தெரியும். உலாவியே அதனைத் தெரிவித்துவிடுகின்றது. குரோம் வைத்திருப்பவருக்குக் குரோமின் இலச்சினையே தோன்றுதலால், 'நம்மை அறிந்தவர் சொல்கிறார்' என மயங்குவோர் பலர். ஆனால் நம் வட்டினுள் நோய்நிரல் உண்டா, இல்லையா என்று ஒரு வலைப்பக்கம் சோதித்துக் கூற இயலாது. வீதியில் நிற்பவன், 'உன் வீட்டு உத்தரம் உளுத்துவிட்டது' என்று கூவுதல் போன்றதே அது.

மெய்யான புதுப்பிப்பு வீட்டினுள்ளிருந்தே வருவது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் முதலியன தம் திருத்தங்களைத் தாமே பெற்று, அவை உரியவரிடமிருந்தே வந்தன என்பதை மின்னொப்பத்தால் சரிபார்த்துக்கொள்வன. நம்மிடம் வேண்டுவது பெரும்பாலும் ஒரு முறை மூடித் திறத்தலே. ஐயம் எழுந்தால், கூவிய பக்கத்தை மூடிவிட்டு, உலாவியின் பட்டியில் உதவி என்னும் பகுதியுள் அதன் பதிப்பைக் கூறும் இடத்திற்கு நாமே செல்லல் வேண்டும். கைபேசியாயின், செயலிக் கடையில் பார்த்தல் போதும். முன்னாளில் பொய்யறிவிப்பின் எழுத்துப்பிழைகளே அதனைக் காட்டிக் கொடுத்தன. இப்பொழுது பொறியே பிழையின்றி எழுதித் தருதலால், இலக்கணப் புலமை இவ்விடத்துப் பெரிதும் உதவாது என்பதை வருத்தத்துடன் கூறுகின்றேன்.

சில பக்கங்கள் அறிவிப்போடு அமைவதில்லை. திரை முழுவதையும் மறைத்து, சங்கொலி போல் அலறி, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும். மூட முயன்றால் மேலும் மேலும் சிறு சாளரங்கள் முளைக்கும். உலாவி திணறி அசைவற்று நிற்கும். நின்றது உலாவி மட்டுமே. கணினி கெட்டுவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகக்கூடும். விலகவில்லையெனில், விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் உலாவியைத் தெரிந்து முடித்துவிடலாம். மேக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் என்பன அவ்விசைகள். மீண்டும் திறக்கும்போது, 'முன்பிருந்த பக்கங்களைத் திரும்பக் கொணரவா?' என்று உலாவி கேட்கும். வேண்டா என்க; இன்றேல் அதே பக்கம் மீண்டும் வந்து அமரும். காட்டிய எண்ணுக்கு அழைத்தல் ஆகாது. தன் பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. உலாவி உண்மையாகவே நின்றுபோவதும் உண்டு; மிகப் பல பக்கங்களைத் திறந்து வைத்தலும் பழுதுற்ற நீட்சிகளும் அதற்குக் காரணமாகும். அப்போது பக்கத்தை மீண்டும் ஏற்றுமாறு உலாவி சொல்லுமேயன்றிப் பணம் கேளாது.

2024 ஆம் ஆண்டு முதல் பெருகிவரும் சூழ்ச்சி ஒன்று இவற்றினும் கொடிது. 'உலாவியில் பிழை நேர்ந்தது. திருத்த, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்துக. பின்னர்க் கன்ட்ரோலும் வியும். பின்னர் எண்டர்' என ஒரு பக்கம் கற்பிக்கும். எவ்வகைக் கோப்பையும் இறக்கச் சொல்லாமையால் இது தீங்கற்றதெனத் தோன்றும். உண்மை யாதெனின், அப்பக்கம் ஒரு தீய கட்டளையை நம் கணினியின் படிப்பலகையில் முன்னரே வைத்துவிட்டது. நாம் அழுத்தும் விசைகள் அதனை எடுத்து ஒட்டி இயக்கிவிடுகின்றன. வலைப்பக்கம் இவ்வாறு விசை அழுத்தச் சொல்லின், அக்கணமே அதனை மூடுக.

ஒருகால் கோப்பைத் திறந்துவிட்டால், அச்சத்தாலோ நாணத்தாலோ மறைத்தல் கூடாது. முதற்கண் இணையத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். பின்னர் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே சொல்லி, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றல் வேண்டும். பணம் பறிபோயிருப்பின், பெற்றோர் 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். விரைந்து முறையிட்டால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. பூட்டப்பட்ட கோப்புகள் பணம் கொடுத்தாலும் திரும்பும் என்னும் உறுதியில்லை. ஆதலின் பாடக்குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் தனி வட்டு ஒன்றில் படியெடுத்து, அவ்வட்டினைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல் நன்று. இணைக்கப்பட்டே கிடக்கும் வட்டினையும் தீநிரல் பூட்டிவிடும்.